லஸ்கர் இல்லாத மதகு: ஒரு கல்லீரல் புற்றுநோயும் சில மைக்ரோ ஆர்என்ஏக்களும்

2024 அக்டோபர் நடுவில் ஒரு நாள், கோவையில் நான் வேலை பார்க்கும் லேப் கவுன்டரில் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் வந்து நின்றார். அப்பாவின் ஸ்லைடும் பிளாக்கும் (மெழுகில் பதித்து வைத்த திசுத் துண்டு) வேண்டும், சென்னையில் இன்னொரு டாக்டரிடம் காட்டப் போகிறோம் என்று சீட்டை நீட்டினார். தினமும் நடப்பதுதான். என்னைப் போல ஸ்லைடு பார்க்கிற டாக்டரை நோயாளியின் வீட்டார் பார்ப்பது இந்த ஒரு இடத்தில்தான். அதுவும் பெரும்பாலும் டெக்னீஷியனோடு முடிந்துவிடும். அன்றைக்கு டெக்னீஷியன் டீ குடிக்கப் போயிருந்தார்.

"ஏனுங்க டாக்டர், போன வாரம் மைக்ரோ ஆர்என்ஏவுக்கு நோபல் குடுத்தாங்கல்லங்க. ஈரல் கேன்சருக்கு அதுல மருந்து இருக்குதுன்னு படிச்சனுங்க. எங்கப்பாவுக்கு அது ஆகுங்களா?"

"இப்போதைக்கு ஆகாதுங்க தம்பி" என்றேன்.

"ஏனுங்க ஆகாது?"

அதற்கு அங்கே நின்றபடி என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசியிருந்தால் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். குடும்பத்தின் சம்மதம் உண்டு.

நோயாளி

56 வயது. காங்கேயத்துக்குக் கிழக்கே, கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் ஐந்து ஏக்கர்; மஞ்சளும் நிலக்கடலையும். எட்டு வருஷமாகச் சர்க்கரை. குடிப்பழக்கம் இல்லை. கேஸ் ஷீட்டில் "மது இல்லை" என்று இரண்டு இடத்தில் எழுதி, இரண்டாவதில் அடிக்கோடும் போட்டிருந்தது. யாரோ நம்பாமல் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். ஈரல் கெட்டவர் என்றாலே குடிகாரர் என்று பார்க்கிற வழக்கம் ஆஸ்பத்திரிக்குள்ளும் போகவில்லை.

கேஸ் ஷீட்டில் எனக்கு முக்கியமாகப் பட்டவை வேறு இரண்டு வரிகள். ஒன்று, அவருடைய அம்மா ஐம்பது சொச்சம் வயதில் வயிற்றில் நீர் கோத்து இறந்தவர். இன்னொன்று, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்திருக்கிறார். பிறகு போன் செய்து, "உங்க ரத்தத்துல மஞ்சக்காமாலைக் கிருமி இருக்குதுங்க, டாக்டரப் பாருங்க" என்றார்களாம். கண்ணாடியில் பார்த்தார், கண்ணில் மஞ்சள் இல்லை. ஒரு மண்டலம் கீழாநெல்லி அரைத்துக் குடித்தார். அதோடு மறந்துவிட்டார்.

அது ஹெபடைடிஸ் பி. பிரசவத்தின்போது அம்மாவிடமிருந்து வந்திருக்க வேண்டும். இப்படிப் பிறக்கும்போதே வந்து ஒட்டிக்கொள்ளும் வைரஸ் பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். கண்ணில் மஞ்சள் தெரியாததற்கும் வைரஸ் இல்லாததற்கும் சம்பந்தமே கிடையாது.

2023 தை மாதம் வலது விலாவுக்குக் கீழே மந்தமான வலி, நான்கு மாதத்தில் ஆறு கிலோ எடைக் குறைவு. ஸ்கேனில் ஈரலின் வலப்பக்கப் பின்பகுதியில் 4.8 செ.மீ. கட்டி. ஈரல் புற்றில் ஏறக்கூடிய ஏஎஃப்பி என்ற புரதம் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 612 நானோகிராம். மூன்று கட்ட சிடி எடுத்தார்கள். நல்ல ஈரலுக்கு முக்கால் பங்கு ரத்தம் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகத்தான் போகிறது. புற்றுக்கட்டியோ தமனியிலிருந்து உறிஞ்சுகிறது. அதனால் மருந்து ஏற்றியதும் தமனிக் கட்டத்தில் கட்டி மட்டும் பளிச்சென்று தெரியும், அப்புறம் சுற்றியிருக்கும் ஈரலைவிட முன்னதாக மங்கிவிடும். இவருக்கு அப்படியே இருந்தது. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவரிடம் இந்தப் படம் தெளிவாக இருந்தால் பயாப்சி இல்லாமலே கல்லீரல் செல் புற்று என்று சொல்லிவிடலாம். வைரஸை அடக்கும் என்டெகாவிர் மாத்திரை ஆரம்பித்து, கட்டி இருந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள். பக்கெட்டில் அது என் மேஜைக்கு வந்தது.

ஸ்லைடில் இருந்தது

நல்ல ஈரலில் செல்கள் ஒன்றிரண்டு செல் பருமனில் வரிசை கட்டி நிற்கும், நடுவே ரத்தம் ஓட இடம் விட்டு. இங்கே பத்துப் பன்னிரண்டு செல் தடிமனில் திரள்கள். உட்கரு பெருத்து, பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் எங்கே பார்த்தாலும். எட்மண்ட்சன் தரம் 3, அதாவது நல்ல ஈரலின் சாயலை எவ்வளவு இழந்திருக்கிறது என்று சொல்லும் நான்கு படிகளில் மூன்றாவது. கட்டியைச் சுற்றிய உறை ஒரு பக்கம் கிழிந்திருந்தது. உறைக்கு வெளியே மூன்று சின்ன ரத்தக்குழாய்களுக்குள் கட்டிச் செல்கள் கொத்தாகக் கிடந்தன. சுற்றியிருந்த ஈரலில் தழும்பு உண்டு, ஆனால் ஈரல் முழுக்கத் தழும்பாகிவிடும் சிரோசிஸ் வரை போகவில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸ் தன் டிஎன்ஏவை நம் செல்லின் டிஎன்ஏவுக்குள்ளேயே செருகிவிடக்கூடியது. அதனால் சிரோசிஸ் வரை காத்திருக்காமலும் புற்று வரும்.

ரத்தக்குழாய்க்குள் செல் இருந்ததை ரிப்போர்ட்டின் முதல் வரியாகப் போட்டேன். ஆபரேஷன் நன்றாக முடிந்தாலும் நோய் திரும்பும் என்று பயமுறுத்தும் அடையாளங்களில் அதுதான் பலமானது.

மதகும் லஸ்கரும்

மைக்ரோ ஆர்என்ஏவை அந்தத் தம்பிக்குச் சொல்வதென்றால் அவர்கள் வாய்க்காலை வைத்தே சொல்லலாம். கீழ்பவானியில் 2,07,000 ஏக்கர் பாசனம். ஒரு போகம் ஒற்றைப்படை மதகு, மறு போகம் இரட்டைப்படை மதகு. அணையில் தண்ணீர் இருப்பது டிஎன்ஏவில் ஜீன் இருப்பது மாதிரி. வாய்க்காலில் ஓடி வருவது தூது ஆர்என்ஏ. வயலில் பாய்ந்து விளைவதுதான் புரதம். மைக்ரோ ஆர்என்ஏ மதகில் நிற்கும் லஸ்கர், அதாவது மதகைத் திறந்து மூடும் ஊழியர். அவர் அணையைத் தொடுவதில்லை. ஷட்டரை இரண்டு சுற்று இறக்குவார், அவ்வளவுதான். ஒரு லஸ்கர் பல மதகுகளைப் பார்ப்பார், ஒரே மதகைப் பல லஸ்கர்கள் பார்ப்பதும் உண்டு. கடைசி இரண்டும் வாய்க்காலைவிட செல்லுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும்: ஒரே மைக்ரோ ஆர்என்ஏ நூற்றுக்கணக்கான தூது ஆர்என்ஏக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறது.

அளவில் ரொம்பப் பொடிசு, சுமார் 22 எழுத்து நீளம். பெரிய இழையாகப் பிறந்து, உட்கருவில் ட்ரோஷா என்ற நொதியாலும் வெளியே டைசர் என்ற நொதியாலும் வெட்டப்பட்டு, ஆர்கனாட் என்ற புரதத்தில் ஏறி உட்காரும். அதன் 2 முதல் 8 வரையிலான எழுத்துகள் எந்தத் தூது ஆர்என்ஏவின் வால்பகுதியில் பொருந்துகின்றனவோ, அதன் உற்பத்தி குறையும். விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் இதை 1993ல் ஒரு மில்லிமீட்டர் புழுவில் கண்டபோது, புழுவின் விசித்திரம் என்று உலகம் விட்டுவிட்டது. 2000ல் ருவ்குன் குழு கண்ட லெட்-7 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்என்ஏ மனிதன் வரை பல விலங்குகளிலும் இருப்பது தெரிந்த பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நோபல் வர இன்னும் 24 வருஷம் ஆனது.

ஈரல் தான் ஈரல் என்பதை மறப்பது

ஈரலின் தலைமை லஸ்கர் மிர்-122 (மிர் என்பது மைக்ரோ ஆர்என்ஏவின் சுருக்கம்). வளர்ந்த ஈரலில் இருக்கும் மொத்த மைக்ரோ ஆர்என்ஏவில் ஏறக்குறைய 70 சதவீதம் இது ஒன்றுதான். வேறு உறுப்புகளில் பேருக்குத்தான் இருக்கும். கொழுப்பைக் கையாள்வது, சிசுப் பருவ ஜீன்களை அடைத்து வைப்பது என்று "நீ ஈரல்" என்று செல்லுக்கு விடாமல் நினைவூட்டுவது இதன் வேலை.

2012ல் இரண்டு குழுக்கள் மிர்-122 இல்லாத எலிகளை வளர்த்தன. முதலில் ஈரலில் கொழுப்பு, அப்புறம் அழற்சி, தழும்பு, கடைசியில் புற்று. பெண் எலிகளைவிட ஆண் எலிகளுக்கு அதிகமாக வந்தது. மனிதர்களிலும் கல்லீரல் புற்று அப்படித்தான். எந்தப் புற்று ஜீனையும் புதிதாகத் திணிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு காவல்காரரை எடுத்தார்கள், அவ்வளவுதான்.

நம் நோயாளிக்கு இதில் இரண்டு இடங்கள் ஒட்டுகின்றன. முதலாவது வைரஸ். ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு மிர்-122 வேண்டும் என்பது 2005ல் தெரிந்தது. அதைப் போர்வை போலச் சுற்றிக்கொண்டுதான் அதன் ஆர்என்ஏ சிதையாமல் பிழைக்கிறது. ஹெபடைடிஸ் பி இதற்கு நேர் எதிர். மிர்-122 இருந்தால் அதன் பெருக்கம் மட்டுப்படும். அதனாலோ என்னவோ அந்த வைரஸின் தூது ஆர்என்ஏக்கள் மிர்-122ஐப் பஞ்சு போல உறிஞ்சிக்கொள்கின்றன. காவல் குறைகிறது, வைரஸ் கூடுகிறது, வைரஸ் கூடினால் காவல் இன்னும் குறைகிறது. கீழாநெல்லி குடித்து மறந்துபோன பன்னிரண்டு வருஷமும் உள்ளே இது நடந்துகொண்டிருந்திருக்கும்.

இரண்டாவது அந்த ஏஎஃப்பி 612. அது சிசுவின் ஈரல் சுரக்கும் புரதம். பிறந்த பிறகு ஈரல் அதை நிறுத்திவிடும். பெரியவரின் ரத்தத்தில் அது ஏறினால், ஈரல் செல் பால்குடிப் பருவத்துக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தம். மிர்-122 குறைவதற்கும் ஏஎஃப்பி ஏறுவதற்கும் இடையில் இருக்கும் கண்ணிகளை 2011ல் ஒரு ஆய்வு ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டியது. நாங்கள் தினமும் பார்க்கிற சாதாரண ரத்தப் பரிசோதனை எண்ணுக்குப் பின்னால் ஒரு மைக்ரோ ஆர்என்ஏ உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்கு அப்போது புதுசு.

இந்த நோயாளியின் திசுவில் மிர்-122ஐ யாரும் அளக்கவில்லை. கல்லீரல் புற்றில் மைக்ரோ ஆர்என்ஏ அளப்பது வழக்கமான சிகிச்சையின் பகுதி அல்ல. ஸ்லைடின் முகத்தையும் ஏஎஃப்பியையும் வைத்துத்தான் இங்கே பேசுகிறேன்.

வளர்ச்சி பற்றிச் சுருக்கமாக

ஸ்லைடில் பிரிந்துகொண்டிருந்த செல்களுக்கு இரண்டு வகைக் காரணம் சொல்லலாம். அடங்க வேண்டியவை அதிகமாகின்றன: மிர்-221 ஏறி, செல் பிரிவதைத் தடுக்கும் பி27 புரதத்தை அடக்குகிறது, மிர்-21 ஏறி, பிடென் என்ற தடையை அடக்குகிறது. இருக்க வேண்டியவை குறைகின்றன: மிர்-26ஏ குறைந்தால் செல்லைப் பிரியத் தூண்டும் சைக்ளின் புரதங்கள் கட்டவிழ்கின்றன. 2009ல் எலியின் ஈரலுக்கு மிர்-26ஏவைத் திருப்பிக் கொடுத்தபோது, நல்ல செல்களுக்குக் கெடுதல் இல்லாமல் கட்டி அடங்கியது. அதே வருஷம் வந்த இன்னொரு ஆய்வில், மிர்-26 குறைந்திருந்த நோயாளிகள் சீக்கிரம் இறந்தார்கள், ஆனால் இன்டர்ஃபெரான் மருந்துக்கு அவர்களே நன்றாகக் கட்டுப்பட்டார்கள்.

மிர்-34ஏவைப் பற்றிச் சொல்லும்போது நிலக்கடலையைப் பேசாமல் இருக்க முடியாது. ஈரத்தோடு மூட்டை கட்டிய கடலையில் வளரும் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்கள் தீவனத்தில் இதைச் சோதித்துத்தான் வாங்குகிறார்கள். கோழிக்குப் பார்ப்பதை நாம் நமக்குப் பார்ப்பதில்லை. அஃப்ளடாக்சின் பி53 என்ற காவல் ஜீனில், குறிப்பாக 249வது இடத்தில், அடையாளம் வைத்தாற்போல் ஒரு பிழையை உண்டாக்கும். 1990களில் ஷாங்காயில் நடந்த ஆய்வில் ஹெபடைடிஸ் பி மட்டும் இருந்தவர்களுக்குப் புற்று அபாயம் சுமார் 7 மடங்கு, அஃப்ளடாக்சின் மட்டும் இருந்தவர்களுக்கு 3 மடங்குக்குச் சற்று மேல், இரண்டும் சேர்ந்தவர்களுக்குச் சுமார் 60 மடங்கு. மிர்-34ஏவை முடுக்கிவிடுவது இந்த பி53தான். அது கெட்டால் மிர்-34ஏவும் படுத்துவிடும். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், தம்பி கேட்ட மருந்து இதுதான்.

பரவியது

ஆபரேஷனுக்குப் பிறகு ஏஎஃப்பி 9க்கு இறங்கியது. குடும்பம் மொட்டையடிக்கப் பழனிக்குப் போய் வந்தது. பதினோராவது மாதம் 48. மறுபரிசோதனையில் 340. 2024 நடுவில் சிடியில் ஈரலில் பல சின்னக் கட்டிகள், போர்ட்டல் சிரையின் இடது கிளையில் கட்டி அடைப்பு, இரண்டு நுரையீரலிலும் கடுகு மாதிரிப் புள்ளிகள்.

அந்த மூன்று சின்னக் குழாய்களுக்குத் திரும்பப் போவோம். ஈரல் செல் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் சாதி. ஒட்டுவது ஈ-கேடெரின் என்ற புரதம். அதை அழிக்கத் துடிக்கும் ஜெப்1, ஜெப்2 என்ற இரண்டு புரதங்களை மிர்-200 குடும்பம் அமுக்கி வைத்திருக்கிறது. மிர்-200 தளர்ந்தால் செல் பசை விட்டு, நீண்டு, நடக்கத் தொடங்கும். நடக்கிற செல்லுக்கு வேகம் கொடுப்பது மிர்-151. இது 8வது குரோமோசோமில் எஃப்ஏகே என்ற ஜீனுக்குள்ளேயே குடியிருக்கிறது; செல் ஊர்வதற்கு அந்த ஜீனும் உதவும். கல்லீரல் புற்றில் அந்தப் பகுதி அடிக்கடி பல மடங்காவதால் இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன. இதிலும் மிர்-122க்கு ஒரு கை உண்டு: அது குறைந்தால் ஏடம்17 என்ற கத்திரி நொதி கூடி, ஈரலுக்குள்ளேயே பரவுவது சுலபமாகிறது.

நடந்தால் மட்டும் போதாது, குழாய்க்குள் புக வேண்டும். என்னை உண்மையில் ஆச்சரியப்படுத்தியது இந்த இடம். கட்டிச் செல்கள் எக்சோசோம் என்ற நுண்ணிய பொட்டலங்களில் மைக்ரோ ஆர்என்ஏவை அடைத்து வெளியே அனுப்புகின்றன. 2018ல் வெளியான ஆய்வுப்படி, அப்படிப் போகும் மிர்-103 ரத்தக்குழாய்ச் சுவரின் செல்களுக்குள் நுழைந்து, அவை ஒன்றையொன்று பிடித்திருக்கும் புரதங்களைக் குறைக்கிறது, சுவர் இளகுகிறது. அதே வருஷம் வந்த இன்னொரு ஆய்வில் மிர்-1247-3பி நுரையீரல் வரை போய், அங்கிருக்கும் நார்ச்செல்களை மாற்றி, பின்னால் வரப்போகும் கட்டிச் செல்லுக்கு நிலத்தைத் தயார் செய்கிறது. ஒறம்பரை வருவதற்கு முன்னால் வாசல் தெளித்துக் கோலம் போட்டு வைப்பதுபோல. தன் மதகை விட்டுப் போன லஸ்கர் பக்கத்து ஊர் மதகைப் போய் இறக்குகிறார்.

பழனிக்குப் போய் வந்த சமயத்தில் அந்த நுரையீரலில் எந்தப் புள்ளியும் தெரியவில்லை. தெரியாத அளவில் ஏதோ நடந்துகொண்டிருந்தது என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது.

ஏனுங்க ஆகாது?

சரி, தம்பியின் கேள்விக்கு வருவோம். ஆகாது என்றேன், ஆனால் யாரும் முயற்சி செய்யாமல் இல்லை. மிர்-34ஏவைச் செயற்கையாகச் செய்து, கொழுப்பு உருண்டையில் பொதிந்து, எம்ஆர்எக்ஸ்34 என்ற பெயரில் 2013ல் மனிதர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். மனிதப் புற்றுக்குக் கொடுத்த முதல் மைக்ரோ ஆர்என்ஏ மருந்து அது. கல்லீரல் புற்று உட்படப் பல புற்றுகள், மொத்தம் 85 பேர். மூன்று பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. அதில் ஒருவர் கல்லீரல் புற்று நோயாளி. ஆனால் கடுமையான நோயெதிர்ப்புக் கோளாறுகள் வந்தன. நான்கு பேர் அதில் இறந்தார்கள். 2016ல் நிறுத்திவிட்டார்கள். தம்பி படித்த செய்தியில் முதல் பாதி இருந்திருக்கும், இரண்டாம் பாதி இருந்திருக்காது.

இதில் ஒரு முரண் உண்டு. ஒரு லஸ்கர் பல மதகுகளைப் பார்க்கிறார் என்பதுதான் மைக்ரோ ஆர்என்ஏவின் பலம். ஒரே மருந்தில் புற்றின் பத்து வழிகளை அடைக்கலாம். அதுவே ஆபத்தும். புற்றுக்கு மட்டும் அவர் லஸ்கர் இல்லை, ரத்தத்தில் சுற்றும் வெள்ளணுக்களுக்கும் அவர்தான். மருந்து எங்கே போய் இறங்குகிறது என்பதைக் கட்டுப்படுத்த முடியாத வரை, நல்ல வயலின் தண்ணீரும் சேர்ந்து அடைபடும். நல்ல ஈரல் செல்லுக்குள் சின்ன ஆர்என்ஏவை அனுப்பும் வித்தை இப்போது வந்துவிட்டது. வேறு நோய்களுக்கு அப்படி மருந்துகள் விற்பனையிலும் இருக்கின்றன. அவற்றில் பல, ஈரல் செல்லின் மேலிருக்கும் ஒரு சர்க்கரை வாங்கியை (ஒருவகைச் சர்க்கரை வந்து ஒட்டினால் உள்ளே விடும் கதவு மாதிரியான புரதம்) பிடித்து உள்ளே நுழைகின்றன. தரம் 3 மாதிரி, தான் ஈரல் என்பதையே மறந்த செல்கள் அந்த வாங்கியையும் குறைத்துக்கொள்கின்றன. மருந்து யாரைத் தேடி வருகிறதோ அவர் வீட்டில் கதவே இல்லை.

ரத்தத்தில் மைக்ரோ ஆர்என்ஏ பார்த்து முன்கூட்டியே கண்டுபிடிக்கலாமா? 2011ல் சீனாவில் 934 பேரை வைத்து ஏழு மைக்ரோ ஆர்என்ஏக்களைச் சேர்த்து அளந்தபோது, ஹெபடைடிஸ் பி உள்ளவர்களில் புற்றை நன்றாகவே பிரித்துக் காட்டியது. நடைமுறையில் தொல்லை என்னவென்றால், மிர்-122 ஈரல் செல் எப்போது உடைந்தாலும் ரத்தத்தில் ஏறும். மஞ்சக்காமாலைக்கும் ஏறும், மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போனாலும் ஏறும். கட்டிக்குள் குறைந்து, ரத்தத்தில் கூடி நிற்கும் ஒன்றை வைத்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலையென்றால் எனக்குத் தூக்கம் வராது.

நோயாளிக்குக் கிடைத்தது நோயெதிர்ப்பைத் தூண்டும் அட்டெசோலிசுமாப், கட்டிக்கு ரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கும் பெவாசிசுமாப் ஊசிகள். அதற்கு முன் எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயில் வீங்கியிருந்த ரத்தக்குழாய்களுக்கு வளையம் போட்டார்கள். பெவாசிசுமாப் ரத்தக்கசிவை உண்டாக்கும். 2020ல் வந்த ஆய்வின் பிந்தைய கணக்குப்படி, இந்த ஜோடியில் நடுநிலை ஆயுள் 19.2 மாதம், பழைய மாத்திரையான சோராஃபெனிபில் 13.4 மாதம். சென்னை டாக்டரும் இதையே தொடரச் சொன்னார். ஏழு மாதம் கட்டிகள் அப்படியே நின்றன. அப்புறம் வளர்ந்தன. லென்வாட்டினிப் என்ற மாத்திரைக்கு மாற்றினார்கள். 2025ல் வாய்க்காலில் தண்ணீர் விட்ட வாரம் அவர் இறந்தார்.

பிளாக் எங்களிடம் திரும்பி வந்துவிட்டது. மைக்ரோ ஆர்என்ஏ பொடிசாக இருப்பதால் பார்மலினிலும் மெழுகிலும் வருஷக்கணக்கில் சிதையாமல் கிடக்கும், என்றைக்காவது அளக்கலாம். ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தம்பி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கவுன்டரில் அன்றைக்கு அவர் கேட்காத ஒன்றையும் நான் சொன்னேன்: வீட்டில் எல்லோரும் ஹெபடைடிஸ் பி பாருங்கள் என்று. அம்மாவுக்கு இல்லை. தம்பிக்கும் அக்காவுக்கும் இல்லை. இருவரும் குழந்தையாக இருந்தபோது அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் அது இல்லை, நாடு முழுக்க வந்தது 2011ல்தான், அதனால் இப்போது மூன்று ஊசி போட்டுக்கொண்டார்கள். சித்தப்பாவுக்கு இருந்தது. 51 வயது, எந்தத் தொந்தரவும் இல்லை, ரத்தத்தில் வைரஸ் மட்டும் லட்சக்கணக்கில். வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை தினமும் ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேனும் ஏஎஃப்பியும்.

இரண்டு ஸ்கேன் முடிந்துவிட்டது, ஈரலில் கட்டி எதுவும் இல்லை. அடுத்தது தை மாதம். "மஞ்ச வெட்டுக் கெடக்குதுங்க, பங்குனிக்கு வெச்சுக்கலாங்களா" என்று சித்தப்பா போனில் கேட்டாராம். முடியாது என்று சொல்லித் தம்பியே வந்து டோக்கன் போட்டுவிட்டுப் போனார்.